ஷூவுக்குள் ஆரோக்கியம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஹாலில் இருந்தவர்கள்:

அண்ணி. சமையலறைக்கும் அதன் வழியாக எங்கள் எல்லோருக்கும் அதிகாரி. ‘முழுமை உணவு’ வகுப்பின் ஆசிரியை.

அத்தை. அண்ணியின் அம்மா. வகுப்பின் சாட்சி, விளம்பரம், காட்சிப்பொருள்.

அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்ட்டுகளையெல்லாம் ஏற்றி இறக்குவான். வீட்டில் குரலை மட்டும் ஏற்றமாட்டான்.

கணக்கு வாத்தியார். மாணவர். தொப்பையைக் குறைக்க வந்தவர். அது அவருக்கு முன்னால் அறைக்குள் நுழைந்துவிடும்.

தையல்காரம்மா. மாணவி. கீழ்த்தளத்தில் குடியிருப்பவள்.

பிரஷர் பார்க்கும் மெஷின். ஸ்டூலின் மேல், வெள்ளைத் துண்டு விரித்து.

ஒரு பிரம்புக் கூடை. அதைப் பற்றிப் பிறகு.

நான். பார்சல் கிடங்கில் இரவு ஷிப்ட்டை விட்டுவிட்டு அண்ணன் வீட்டில் வந்து விழுந்தவன். வகுப்பைப் படம்பிடிக்க ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அதற்குக் கூலி சாப்பாடு. அந்த வீட்டுச் சாப்பாடு.

இதெல்லாம் ஆரம்பித்தது அத்தை சமையலறையில் மயங்கி விழுந்த நாளில். கையில் வாணலியோடு விழுந்தாள். டாக்டர் பிரஷர் என்றார், மாத்திரை எழுதினார். எவ்வளவு நாளைக்கு என்று அண்ணி கேட்டாள். “எப்பவும்தான்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த ‘எப்பவும்’ அண்ணிக்குப் பொறுக்கவில்லை. தன் அம்மாவை யாரோ அடகு வாங்கிக்கொண்டதுபோல் முகம் கறுத்து வீட்டுக்கு வந்தாள். முதல் வேலையாக அந்த வாணலியை அலமாரிக்கு மேல் தூக்கிப் போட்டாள், குற்றவாளியே அதுதான் என்பதுபோல.

பிறகு ஃபோனில் ஒரு கோர்ஸ் படித்தாள். உடம்பு, மனசு, அடுப்பு மூன்றும் ஒன்று என்று கண்டுபிடித்தாள். உப்பு வீட்டைவிட்டுப் போனது. சர்க்கரை போனது. எண்ணெய் போனது. அத்தையின் மாத்திரைகளும் போயின. அவற்றின் இடத்துக்கு பீட்ரூட் வந்தது. வேகவைத்த பீட்ரூட், துருவிய பீட்ரூட், அரைத்த பீட்ரூட். கூடவே, பாசி பிடித்த மாடிப்படிச் சுவரின் நிறத்தில் ஒரு கீரைச் சாறு. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல வேண்டும். மூடினால்தான் உள்ருசி தெரியும் என்பாள் அண்ணி. மூடினால் தட்டில் இருப்பது தெரியாது என்ற வகையில் எங்களுக்கும் அதில் உடன்பாடு உண்டு.

நாங்கள் யாரும் அண்ணியை எதிர்த்துப் பேசவில்லை. பேசுவதைவிடத் திருடுவது சுலபம்.

அண்ணன் பன்னும் பொரித்த முட்டையும் வாங்கிக்கொண்டு லிஃப்ட் கூண்டின் மண்டையில் ஏறி உட்காருவான். இரண்டு மாடிகளுக்கு நடுவே நிறுத்தி, இருட்டில், கம்பிவடத்தில் சாய்ந்தபடி சாப்பிடுவான். உலகத்தில் அண்ணி வர முடியாத இடம் அது ஒன்றுதான். நான் கேன்டீன்களில் கிடைக்கும் உப்புப் பொட்டலங்களைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். துணி துவைக்கும்போது கரைந்துபோனால் அன்றைக்குத் துக்கம்.

அத்தையின் கதை வேறு. மாத்திரையை நிறுத்திய சில நாளில் அவளுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. மகளிடம் சொல்லப் பயம். சொன்னால் பீட்ரூட்டை இரட்டிப்பாக்கிவிடுவாள். அதனால் ஒருநாள் மருமகனை வாசலில் மடக்கினாள். “சாப்டாச்சா”, “ஆச்சு” என்பதற்கு மேல் அதுவரை பேசிக்கொள்ளாத இரண்டு பேர். அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆனது. செருப்பு வைக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் அண்ணனுடைய பழைய வேலை ஷூ ஒரு ஜோடி கிடக்கும். கிரீஸ் நாற்றத்தில் அண்ணி அதன் பக்கமே போகமாட்டாள். இடது ஷூவில் அண்ணன் மாத்திரை அட்டையைப் போட்டு வைப்பான். அத்தை தன் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்து எடுத்துக்கொள்வாள். காலி அட்டை மறுபடி ஷூவுக்குள் வந்தால் புதியது வாங்க வேண்டும் என்று அர்த்தம். இவ்வளவு ஒழுங்காக நடந்த வேறு எதையும் அந்த வீட்டில் நான் பார்த்ததில்லை.

விளைவு என்ன? அத்தையின் பிரஷர் அழகாக இறங்கியது. அண்ணன் தெம்பாக இருந்தான். என் முகத்தில்கூட ஏதோ களை வந்தது. அண்ணி எங்கள் மூவரையும் வரிசையாக நிற்கவைத்துப் படம்பிடித்தாள். வகுப்புக்கு ஆள் சேர்ந்தது. எங்களில் ஒருவராவது ஒழுங்காகத் திருடாமல் இருந்திருந்தால் அந்த வகுப்பு அன்றே படுத்திருக்கும்.

பீட்ரூட்டை மட்டுமே நம்பி வாழ்ந்த ஒரே ஆள் அண்ணிதான். அவள் யாரையும் ஏமாற்றவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்றிப் போட்டிருந்தாள். உட்கார்ந்து எழுந்தால் சுவரைப் பிடிப்பாள். கேட்டால், “உடம்பு லேசாயிடுச்சு” என்பாள்.

அத்தைக்கோ புகழ் பிடித்துப்போனது. வாழ்நாளில் யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். அவளும் நெஞ்சில் கைவைத்து, “எல்லாம் பீட்ரூட்தான்” என்பாள். கொஞ்ச நாளில் அவளே பாதி நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

இனி கூடை. தன் வீட்டுச் சமையலறையில் தன்னைக் கெடுக்கிற ஒரு பொருளை ஒவ்வொரு மாணவரும் வாராவாரம் கொண்டுவந்து அந்தக் கூடையில் போட்டு, கேமராவைப் பார்த்து, “இனிமே நீ வேண்டாம்” என்று சொல்ல வேண்டும். ஜாம், வெண்ணெய், சர்க்கரை, வறுத்த முந்திரி. அவற்றை அழிக்கும் பொறுப்பு எனக்கும் அண்ணனுக்கும். பொறுப்பாக அழித்தோம்.

அன்றைக்கு முதலில் அத்தைக்கு மெஷின் கட்டினார்கள். கேமரா எந்தப் பக்கம் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு அவள் கையை நீட்டினாள். பட்டை உப்பியது, பெருமூச்சு விட்டது, எண்களைக் காட்டியது. அண்ணி அதைத் தேர்வு முடிவு வாசிப்பதுபோல் வாசித்தாள்.

வாத்தியார் கை தட்டினார். “எனக்கே இவ்ளோ கம்மியா இல்லம்மா.”

“பீட்ரூட் சாப்டுறீங்களா?” என்றாள் அத்தை.

“நான் அதைச் சாப்டுறேனா, அது என்னைச் சாப்டுதான்னே தெரியலம்மா.”

அண்ணி சிரிக்கவில்லை. கூடையைக் காட்டினாள். வாத்தியார் பையிலிருந்து ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் போட்டார். “இனிமே நீ வேண்டாம்” என்று அவர் சொன்ன குரலில், ரயிலேற்றிவிட வந்தவரின் ஈரம் இருந்தது. அண்ணன் எச்சில் விழுங்கினான்.

பிறகு தையல்காரம்மா எழுந்தாள். கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு துணிப் பர்ஸைத் திறந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்தாள்.

“மேடம், நான் இதைத்தான் போடப் போறேன்.”

அண்ணியின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. இதுவரை கூடைக்கு மாத்திரை வந்ததில்லை. மாத்திரையை விட்டவர்களில் அத்தைக்குப் பிறகு இவள்தான் இரண்டாவது. ஒருத்தர் என்றால் அதிர்ஷ்டம் என்பார்கள், இரண்டு பேர் என்றால் முறை என்பார்கள் என்று முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தாள். ஃபோனைக் கிட்டே கொண்டுவா என்று எனக்குச் சைகை காட்டினாள்.

“ஏன் இந்த முடிவுன்னு சொல்லுங்க.”

“பிரஷர் மாத்திரை மேடம். இதைப் போட்டா கால் வீங்கிப் போகுது. தையல் மெஷினை மிதிக்க முடியல. ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் வெட்டிப் போட்டது வெட்டினபடியே கெடக்கு. போன வருஷம் மெஷின் மேலயே சாஞ்சு விழுந்தேன், அதுலருந்து இதைப் போட்டுட்டிருக்கேன். விட்டா திரும்ப விழுவேன்னு டாக்டர் பயமுறுத்துறாரு. ஆனா உங்கம்மா விட்டுட்டாங்க. இதோ நல்லாத்தானே உக்காந்திருக்காங்க.”

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை ஜன்னல் திரைச்சீலையைப் பார்த்தாள். அண்ணன் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்த்தான். நான் ஃபோன் திரை வழியாக மூன்று பேரையும் பார்த்தேன்.

“ஏன், கொஞ்சம் கொஞ்சமா விடேன்,” என்றாள் அத்தை, திரைச்சீலையிடம்.

“அம்மா. எதையும் அரைகுறையா செய்யக் கூடாதுன்னு இந்த நாற்காலியில உக்காந்து நீதான் சொன்ன.”

“சொன்னேன். அது ஜாமுக்குச் சொன்னது.”

“நீ ஒரே நாள்ல விட்டியா இல்லையா?”

“விட்டேன்.” அத்தை தொண்டையைச் செருமினாள். “நீ எடுத்துக் குப்பையில போட்ட, நான் விட்டேன்.”

பொய் இல்லை. அந்த வாக்கியத்தில் குறைந்தது குப்பையில் போட்ட தேதிவரை எல்லாம் உண்மை.

“எத்தனை நாளா தலை சுத்தலே இல்லம்மா உங்களுக்கு?” என்றாள் தையல்காரம்மா.

“அதெல்லாம் ஞாபகமில்ல. நீ முதல்ல உன் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேளு.”

“கேட்டேனே. வேணாம்மான்னு ஒரே அழுகை. உங்க பேரைச் சொல்லித்தான் அவ வாயை அடைச்சேன்.” தையல்காரம்மா சிரித்தாள். “மேல்வீட்டம்மா சொல்லித்தான் விடுறேன், ஏதாச்சும் ஆச்சுன்னா அந்தம்மாவைப் போய்க் கேளுன்னுட்டேன்.”

அத்தை முதன்முறையாகத் திரைச்சீலையை விட்டுத் திரும்பினாள்.

“என்னையா?”

“பின்ன? நீங்கதானே எனக்கு வழிகாட்டி.”

நான் பார்த்தவரை அத்தைக்கு அப்போது வந்தது மனசாட்சி இல்லை. பயம். புகழை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தவளிடம் யாரோ அதற்குப் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

தையல்காரம்மா அட்டைகளைக் கூடைக்குள் போட்டாள். பிஸ்கட் பாக்கெட்டின் மேல் விழுந்து சரிந்தன. கேமராவைப் பார்த்து வாயைத் திறந்தாள். “இனிமே நீ…”

“கால் வீங்கினா டாக்டர்கிட்ட சொல்லணும்,” என்று குறுக்கே பாய்ந்தாள் அத்தை. “அவரு வேற மாத்திரை மாத்திக் குடுப்பாரு. எனக்கும்தான் வீங்கிச்சு. மாத்தினப்புறம் சரியாப் போச்சு.”

சொல்லி முடித்தபின்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது.

அண்ணி மெதுவாகத் தன் அம்மா பக்கம் திரும்பினாள்.

“எப்ப மாத்திக் குடுத்தாரு?” என்றாள் அண்ணி.

அத்தை மறுபடி திரைச்சீலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நீ டாக்டரைப் பார்த்தே ஒரு வருஷம் ஆகுது. எப்ப வீங்கிச்சு, எப்ப மாத்தினாரு?”

“மாப்பிள்ளை…” என்றாள் அத்தை, நீரில் முங்குகிறவள் கட்டையைத் தேடுவதுபோல.

கட்டை வாயைத் திறந்தது. “கிளினிக் லிஃப்ட்டு ரிப்பேர்னு போனேன்ல,” என்றான் அண்ணன் மிக மெதுவாக. “அப்ப அத்தையும் துணைக்கு வந்தாங்க.”

“லிஃப்ட்டு ரிப்பேருக்கு எங்கம்மா எதுக்குத் துணை?”

அண்ணனின் பார்வை மறுபடி செருப்பு அலமாரிக்குப் போனது.

அத்தை எழுந்தாள். கூடைக்குள் கைவிட்டு அட்டைகளை எடுத்துத் தையல்காரம்மாவின் கையில் திணித்தாள். நேராகச் செருப்பு அலமாரிக்குப் போய், குனிந்து, அண்ணனின் இடது ஷூவை எடுத்துவந்து ஸ்டூலின் மேல், அந்த வெள்ளைத் துண்டின் மேல், கவிழ்த்து உதறினாள். ஒரு முழு அட்டை விழுந்தது. ஒரு பாதி அட்டை விழுந்தது. கொஞ்சம் மண் விழுந்தது.

“இதான் பீட்ரூட்டு,” என்றாள். “போதுமா? நாளைக்கு இவ விழுந்து கெடந்தா யாரும் என் வாசலுக்கு வரக் கூடாது. சொல்லிட்டேன். எல்லாரும் கேட்டுக்குங்க. தம்பி, அதுல பதிவாகுதுல்ல?”

“ஆகுது அத்தை.”

தையல்காரம்மா ஷூவைப் பார்த்தாள், தன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். “அப்ப ஒரு நாள்கூட விடலையா நீங்க?”

“விட்டேன். ஒரு வாரம். வீடு பம்பரம் மாதிரி சுத்திச்சு.”

“அதை முதல்லயே சொல்லியிருந்தா என்னம்மா? நாளைக்கு நான் செத்திருப்பேனே.”

“அதான் இன்னிக்கே சொல்லிட்டேன்ல,” என்றாள் அத்தை, கொஞ்சமும் கூசாமல்.

அண்ணி ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். பிறகு நிமிர்ந்தாள். அவளைக் குறைத்துச் சொல்லக் கூடாது, அந்த நிலையிலும் அவள் ஆசிரியை.

“சரி. முழுமைன்னா உண்மையும் அதுல சேர்த்திதான். மருந்து ஒரு பக்கம் இருந்தாலும், சாப்பாட்டாலதான் அது வேலை செஞ்சிருக்கு. என் வீட்டுக்காரரைப் பாருங்க. அவரு மாத்திரையா போட்டாரு? எடை குறைஞ்சதா இல்லையா?”

வாத்தியார் ஆர்வமாகத் திரும்பினார். அவருக்கு அதுதான் முக்கியம். “குறைஞ்சுதா தம்பி?”

அண்ணன் தலையைச் சொறிந்தான். “எடை மெஷின் அலமாரி பக்கத்துல இருக்குங்க. அலமாரிக்குக் கைப்பிடி இருக்கு.”

“அதனால?”

“பிடிச்சுக்கிட்டு லேசா கீழ அமுக்கினா எண்ணு இறங்கும். லிஃப்ட்டுல எதிர் எடை வைக்கிற மாதிரிதான்.”

வாத்தியார் வெகுநேரம் தன் தொப்பையைப் பார்த்தார். அதற்கு இவ்வளவு நாளாக இழைக்கப்பட்ட கொடுமைகள் அவர் கண்முன் வந்துபோயிருக்க வேண்டும். பிறகு கூடைக்குள் கைவிட்டுத் தன் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

“போன வாரம் வெண்ணெய் போட்டேன்,” என்றார். “அதுக்கு முந்தி முந்திரி. அதெல்லாம் எங்க?”

“அழிச்சாச்சு சார்,” என்றேன்.

“எப்படி அழிச்சீங்க?”

நான் ஃபோனைச் சற்று உயர்த்தி என் முகத்தை மறைத்துக்கொண்டேன். அண்ணனின் காது சிவந்தது. வாத்தியார் எங்கள் இரண்டு பேரின் கன்னங்களையும் மாறிமாறிப் பார்த்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, விடை வந்துவிட்டது.

“வெண்ணெய் நல்லாத்தான் ஒட்டியிருக்கு,” என்றார். பிஸ்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணி எழுந்தாள். எழுந்த வேகத்தில் தள்ளாடிச் சுவரைப் பிடித்தாள். தையல்காரம்மாதான் முதலில் ஓடித் தாங்கினாள். சட்டைக்கு அளவெடுக்கிற பழக்கத்தில் அந்தக் கையைப் பிடித்தவள், “அய்ய, இதென்ன குச்சி மாதிரி இருக்கு” என்றாள். உட்காரவைத்து, யாரையும் கேட்காமல் அந்தப் பட்டையை அண்ணியின் கையில் சுற்றினாள். ஒரு சுற்றுப் போய் இன்னொரு சுற்றும் சுற்ற வேண்டியிருந்தது. பொத்தானை அமுக்கினாள்.

மெஷின் உப்பியது, வடிந்தது, மறுபடி உப்பியது. பிறகு எண்களைக் காட்டியது. மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே அவை மிகவும் சின்ன எண்கள் என்று தெரிந்தது.

“மெஷின் ரிப்பேர்,” என்றாள் அண்ணி.

“இப்பதானே உங்கம்மாவுக்குச் சரியா காட்டிச்சு,” என்றாள் தையல்காரம்மா.

“அதுவும் ரிப்பேரா இருந்தப்ப காட்டினதுதான்.”

நான் சட்டைப்பையிலிருந்து ஓர் உப்புப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். தண்ணீரில் போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு என் பையைப் பார்த்தாள். அது புடைத்திருந்தது.

“நீயுமா தம்பி?”

அந்த வீட்டில் அன்றைக்கு எனக்கு வலித்த ஒரே கேள்வி அது. நான் பொட்டலத்தை ஸ்டூலின் மேல், மாத்திரைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

“எல்லாரும் தெரிஞ்சுதான் உக்காந்திருந்தீங்க. தினமும் நான் விடியக் காலையில எந்திரிச்சு நறுக்கினேன், அரைச்சேன். எல்லாரும் கண்ணை மூடி மூடி மென்னீங்க. ஒருத்தருக்குக்கூட வாய் இல்ல.”

“சொன்னா நீ கேட்டிருப்பியா?” என்றாள் அத்தை.

“கேட்டிருக்க மாட்டேன். ஆனா சொல்லியிருக்கணும்ல.”

இதற்கு மேல் நியாயமாக யாராலும் பேச முடியாது. ஆனால் அத்தையால் முடியும்.

“நீ என் மாத்திரையைக் குப்பையில போட்டப்ப என்னைக் கேட்டியா? எனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதான் போட்ட, தெரியும். அதுக்காக நான் ஒண்ணும் ஆகாம இருந்ததுக்கும் உனக்குக் கோவம்னா என்ன பண்றது?”

அண்ணி வாசல் பக்கம் கைநீட்டினாள். போ என்று சொல்லவில்லை. கை மட்டும்தான் சொன்னது.

தையல்காரம்மா தன் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிய்த்து வாயில் போட்டு, வகுப்புக்காக வைத்திருந்த கீரைச் சாற்றை எடுத்து ஒரே மடக்கில் விழுங்கினாள். அந்தச் சாறு உருப்படியாகப் பயன்பட்ட ஒரே தருணம். முகத்தைச் சுளித்துக்கொண்டு அத்தையின் தோளைத் தொட்டாள்.

“வாங்கம்மா. கொஞ்ச நேரம் கீழ வந்து உக்காருங்க. நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போய் அந்த டாக்டர்கிட்ட கால் வீக்கத்தைச் சொல்லுவோம். என் பொண்ணு முட்டை பொரிச்சுட்டிருப்பா.”

‘முட்டை’ என்ற சொல்லில் அத்தையின் ரோஷம் கொஞ்சம் தளர்ந்தது தெரிந்தது. வாசல்வரை போய் நின்றாள். மகள் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தாள். அண்ணி கூப்பிடவில்லை. சுவரைப் பிடித்தபடி பின்னாலேயே வந்து கதவின் விளிம்பில் கைவைத்தாள்.

“மாத்திரையை எடுத்துக்கிட்டியா?” என்றாள் அண்ணி.

“எடுத்துக்கிட்டேன்.”

“வேளைக்குப் போடு.”

“நீ எதாவது சாப்புடு. உப்புப் போட்டு.”

“அதை நான் பாத்துக்கிறேன்.”

அத்தை தையல்காரம்மாவின் பின்னால் வெளியே காலடி வைத்தாள். அப்போதுதான் கவனித்தேன், மாத்திரை அட்டைகளை மறுபடி அதே ஷூவுக்குள் போட்டு, அந்த ஷூவைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு போகிறாள்.

“அத்தை, என் ஷூ…” என்று எழுந்தான் அண்ணன்.

அண்ணி கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாளை இழுத்தாள். பிறகு சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.